சமூக அறிவியல் வகுப்பில் கணினியும் விளையாட்டும்: எல்லையோரப் பள்ளிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள் கிளஸ்டர் கூட்டங்களில் என்னிடம் கேட்டவை, கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் போனில் கேட்டவை, பி.டி.ஏ. கூட்டத்தில் பெற்றோர் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளப் பாடத்திட்டம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். பெரும்பாலான பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

டிஜிட்டல்னா என்னங்க டீச்சர், புரொஜெக்டர்ல வீடியோ போட்டுக் காட்டுறதுதானே?

அதுவும் சேர்த்திதான். ஆனால் இருப்பதிலேயே சோம்பலான வழி அது. வீடியோ ஓடும்போது பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாமும் அந்த நேரத்தில் வருகைப் பதிவேட்டைப் பூர்த்தி செய்துகொண்டிருப்போம். நான் இங்கே பேசுவது பிள்ளை தேடுகிற, அளக்கிற, ஊகிக்கிற, முடிவெடுக்கிற வேலைகளைப் பற்றி. புவிக்கோள மென்பொருளைச் சுழற்றிப் பார்ப்பது, செயற்கைக்கோள் படத்தில் தன் ஊர் ஏரியைத் தேடுவது, ஓர் ஆற்றின் தண்ணீரை மூன்று குழுவாகப் பிரிந்து பங்குபோடுவது, இந்த மாதிரி.

வீடியோவே போட்டாலும் நடுவில் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும், ஏன்?” என்று கேட்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமே இல்லாத வீடியோவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

விளையாட்டுல போய் என்னத்தப் படிக்கும்? பொழுதுபோக்குதானே அது?

கணினியில் வந்த மிகப் பழைய பாட விளையாட்டுகளில் ஒன்றே சமூக அறிவியல் வகுப்புக்காகப் பிறந்ததுதான். 1971இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டான் ராவிட்ச் என்கிற பயிற்சி ஆசிரியர், 19ஆம் நூற்றாண்டில் குடும்பங்கள் மாட்டுவண்டி கட்டி மேற்கே குடியேறிய பயணத்தை எப்படி நடத்துவது என்று யோசித்து, வரைபடமும் பகடையும் வைத்து ஒரு பலகை விளையாட்டைத் திட்டமிட்டார். கூடத் தங்கியிருந்த இரண்டு நண்பர்கள் அதைக் கணினி நிரலாக்கினார்கள். ‘ஓரிகன் டிரெயில்’ என்பது அதன் பெயர். அப்போது திரை கூடக் கிடையாது. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்று காகிதத்தில் கேள்வியை அச்சடிக்கும், பிள்ளைகள் பதிலைத் தட்டுவார்கள். எவ்வளவு உணவு வாங்குவது, எங்கே நிற்பது, ஆற்றை இப்போதே கடப்பதா என்று முடிவெடுத்ததில்தான் படிப்பு நடந்தது. படமோ ஒலியோ அதற்குத் தேவைப்படவில்லை.

விளையாட்டுகளில் எனக்குத் தெரிந்து மூன்று வகை உண்டு. இடத்தைக் காட்டு என்பவை: 1997இல் வந்த செட்டெரா, கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் லினக்ஸில் இருக்கும் கே-ஜியாகிரபி. மனப்பாடத்துக்கு இவை நல்லவை, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. துப்பு வைத்து ஊகி என்பவை இரண்டாவது வகை. சூழ்நிலை கொடுத்து முடிவெடுக்க வைப்பவை மூன்றாவது வகை. தயாரிக்க அதிக நேரம் பிடிப்பதும், பிள்ளைகள் வருடம் கழித்தும் நினைவில் வைத்திருப்பதும் மூன்றாவதுதான்.

எங்க கிளாஸ்ல 42 புள்ளைங்க. ஒரே லேப்டாப், ஒரே புரொஜெக்டர். யாருக்குக் கொடுக்குறது?

ஒரு பிள்ளைக்கு. ஆனால் மௌஸ் பிடித்திருக்கும் பிள்ளை பேசக் கூடாது, பேசும் வகுப்பு மௌஸைத் தொடக் கூடாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து தூத்துக்குடிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஊர்ப் பெயரைச் சொல்லக் கூடாது. திசையும் தூரமும் மட்டும்தான். “தென்கிழக்கே 100 கிலோமீட்டர்”, “மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டித் தெற்கே போ”. யாராவது “அந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம்” என்று சொன்னால் அந்த வரிசை முறையை இழக்கும். அரை பீரியடில் திசைகள், அளவுகோல், நிலத்தோற்றம் மூன்றும் புழக்கத்துக்கு வந்துவிடும்.

எல்லோருடைய பதிலும் வேண்டும் என்றால் ‘பிளிக்கர்ஸ்’ இருக்கிறது. பிள்ளைகளிடம் அச்சடித்த அட்டை மட்டும் இருக்கும். ஏ, பி, சி, டி-யில் தங்கள் விடை மேலே வரும்படி திருப்பிப் பிடிப்பார்கள். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது, ஒவ்வோர் அட்டையும் வேறு வடிவம். ‘கஹூட்’ போன்ற வினாடி வினாத் தளங்களுக்கு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கருவி வேண்டும், ஐ.டி. லேப் கிடைக்கும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக அழுத்துபவருக்கு அதிகப் புள்ளி என்கிற அதன் வழக்கம் எனக்குப் பிடிக்காது. யோசிக்கிற பிள்ளை எப்போதும் கடைசி வரும். நேரத்தை வைத்துப் புள்ளி தருவதை அமைப்பில் நிறுத்திவிடலாம்.

நெட்டே வராதுங்க. மழை பெஞ்சா கரண்டும் போயிரும்.

நெட் இல்லாமல் நிறையச் செய்யலாம். கேரளப் பள்ளிகளில் கைட் தந்த கணினிகளில் மார்பிள் என்னும் புவிக்கோளம், பகல்-இரவு காட்டும் சன்கிளாக், வானம் காட்டும் ஸ்டெல்லேரியம், வரைபடம் வரையும் மென்பொருளான கியூ.ஜி.ஐ.எஸ். எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பெரும்பாலோர் ஐ.டி. பாடத்துக்கு மட்டும் திறந்து மூடிவிடுகிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் கணினியிலும் இலவசமாக நிறுவலாம், ஆகையால் பொள்ளாச்சிப் பக்கத்து ஹைடெக் லேபுக்கும் ஆகும். தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாகக் கிவிக்ஸ் செயலியில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத நாளிலும் படிக்கலாம்.

மார்பிளில் 1689ஆம் ஆண்டின் உலகப்படம் ஒன்று உண்டு. அதையும் இன்றைய படத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, “எது காணோம்?” என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை இல்லை என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். குக் அந்தக் கரையை வரைந்தது 1770இல்தான். கடல்வழிப் பயணங்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

கரண்ட் போனால்? பகடை, சார்ட் பேப்பர். கீழே வரும் தண்ணீர் விளையாட்டு அப்படியும் நடக்கும்.

முதல்ல எதுல தொடங்கலாம்? ஒரு பாடத்தை எடுத்துக் காட்டுங்களேன்.

வீட்டு வாசலிலிருந்தே தொடங்குங்கள். நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயில். மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் விட்ட வாசல் இது: வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத் திறப்பு. இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் படிக்கும் பிள்ளைகள், தாங்கள் அந்த வரிக்குள்தான் வசிக்கிறோம் என்று நினைப்பதில்லை.

கூகுள் எர்த் ப்ரோவில் நீலகிரியின் மேலிருந்து தெற்கே ஆனைமலை வரை ஒரு பாதை வரையுங்கள். அந்தப் பாதையை வலது சொடுக்கினால் உயரக் குறுக்குவெட்டு கேட்கலாம். திரையின் அடியில் ஒரு வரைபடம் விரியும். 2,000 மீட்டரில் தொடங்கும் கோடு சரேலென இறங்கி, சில நூறு மீட்டருக்கும் கீழே நீளமாகத் தட்டையாக ஓடி, மறுபடி ஏறும். அதைக் காட்டுவதற்கு முன்பே, பிள்ளைகளை நோட்டில் ஊகித்து வரையச் சொல்லுங்கள். முதலில் ஊகம், அப்புறம்தான் திரை. இந்த வரிசை மாறினால் பாடமே போய்விடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மென்பொருள் உயரத்தை இழுத்துக் காட்டுகிறது, அதனால் மலை செங்குத்துச் சுவராகத் தெரியும். 100 கிலோமீட்டரைக் கரும்பலகையில் 1 மீட்டர் கோடாகப் போட்டால் 2,000 மீட்டர் மலை வெறும் 2 சென்டிமீட்டர்தான் எழும்பும். அதைச் சாக்பீஸால் போட்டுக் காட்டுங்கள். திரை சொல்வதை அளவுகோல் வைத்துச் சந்தேகிக்கிற பழக்கம் அன்றைக்கே வந்துவிடும்.

சரி, அதுக்கப்புறம்? கணவாயைக் காட்டியாச்சு, மணி அடிக்க இன்னும் நேரமிருக்கு.

காற்றைக் காட்டுங்கள். ‘விண்டி’ செயலியில் ஜூன், ஜூலையில் அரபிக்கடல் காற்று இந்தத் திறப்புக்குள் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை நோக்கி ஓடுவது தெரியும். அங்கே காற்றாலைகள் ஏன் அத்தனை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மார்கழி வந்தால் அம்புக்குறி திரும்பி, கிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும். ஜூலையில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை திரையைப் படமெடுத்து வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆனால் அது அளந்த காற்று அல்ல, கணக்கிட்ட காற்று. அந்தச் செயலி எடுத்தாளும் ஐரோப்பிய மாதிரியின் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அந்தக் கட்டத்தில் நம் கணவாய் நாலு கட்ட அகலம்தான், விளிம்புகள் மழுங்கியே தெரியும்.

பிறகு மார்ச் மாதச் செயற்கைக்கோள் படத்தில் பாலக்காட்டின் மேற்குப் பக்கத்தையும் நம் எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். அங்கே பச்சை, இங்கே பழுப்பு. நாம் மழைமறைவுப் பகுதி. கேரளத்தில் கரிசல் மண் இருப்பதும் நம் சித்தூர் தாலுகா பக்கம்தான். நிலக்கடலையும் பனையும் ஏன் இங்கே என்பதற்குப் பதில் பிள்ளைகளின் தாத்தாமாரிடம் இருக்கும். அதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

அட்சரேகை, தீர்க்கரேகை, நேரக்கணக்கு... இதுக்கெல்லாம் விளையாட்டு இருக்கா?

இருக்கிறது, ஆனால் அது வெயிலில் நடக்கும். சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காணாமல் போகும் நாள் நமக்கு வருடத்தில் இரண்டு: ஏப்ரல் நடுவில் ஒன்று, ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டி ஒன்று. முதலாவதில் கோடை விடுமுறை. இரண்டாவதைப் பல வருடம் ஓணம் விடுமுறை எடுத்துக்கொள்ளும். சூரியனுக்கு நம் அட்டவணை தெரியாது. அதனால் இரண்டு நாள் முன்பின் பார்த்தாலும் போதும், நிழல் மிகச் சிறிதாகவே இருக்கும். முந்தின நாள், சூரியன் எத்தனை மணிக்கு உச்சிக்கு வரும் என்று பந்தயம் கட்டச் சொல்லிவிட்டு, ஸ்டெல்லேரியத்தில் நம் ஊரைக் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் குச்சி நட்டு அளப்பது.

எல்லாப் பிள்ளையும் 12 மணி என்றுதான் சொல்லும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் ஏறத்தாழ 76.8இல் இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 23 நிமிடம் பிந்துகிறோம். அதோடு வருடத்தின் நாளைப் பொறுத்துச் சில நிமிடம் கூடும், குறையும். கடிகாரத்துக்கும் நிழலுக்கும் உள்ள அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு நேரக்கணக்குச் சூத்திரத்தை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

ஜியோகெஸ்ஸர்னு ஒண்ணு பையன் ஆடுறான். அது கிளாசுக்கு ஆகுமா?

2013இல் ஸ்வீடனில் தொடங்கியது. தெரு மட்டப் படத்தை வைத்து உலகத்தில் எங்கே என்று ஊகிக்க வேண்டும். துப்பறியும் வகைக்கு அருமையான உதாரணம். ஆனால் நம் பிள்ளைக்கு முதலில் தேவை நம் நிலம். கூகுளின் தெருக்காட்சிக்கு 2016இல் இந்தியாவில் அனுமதி மறுக்கப்பட்டது. 2022 ஜூலையில்தான் சென்னை உள்ளிட்ட 10 நகரங்களில் உள்ளூர் நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். அதனால் பழைய இந்தியப் படங்கள் குறைவு. இலவசமாக ஆடவும் வரம்பு உண்டு.

அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே படமெடுங்கள்: வால்பாறைத் தேயிலைச் சரிவு, ஆலாங்கடவு ஆற்றுப்படுகை, வாளையாறு சோதனைச்சாவடி, கொச்சித் துறைமுகம், மறையூர்க் கரும்புத் தோட்டம். பெயர்ப்பலகையை மறைத்துவிடுங்கள். மண் நிறம், பயிர், கூரை, நிழல் விழும் திசை இவற்றை வைத்து ஊகிக்கட்டும். விடை சரியா என்பதற்குப் பாதிப் புள்ளி, காரணத்துக்குப் பாதிப் புள்ளி.

கேம்ல ஆந்திரா இன்னும் பெரிசா இருக்கு, லடாக்கைக் காணோம். காஷ்மீர்ல கோடு புள்ளிபுள்ளியா இருக்கு. எதைச் சரின்னு சொல்றது?

முதல் பகுதி பழமை. 2014இல் தெலங்கானா பிரிந்தது. 2019 அக்டோபர் 31இல் ஜம்மு-காஷ்மீரும் லடாக்கும் தனித்தனி ஒன்றியப் பகுதிகளாயின. 2020 ஜனவரியில் தாத்ரா-நகர் ஹவேலியும் டாமன்-டையூவும் ஒன்றாயின. இப்போது 28 மாநிலம், 8 ஒன்றியப் பகுதி. பழைய விளையாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். “இது எந்த வருடத்துப் படம்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் துப்பு வைத்து வருடத்தை நெருக்கிக் கண்டுபிடிப்பதே நல்ல ஆட்டம்.

இரண்டாவது பகுதி சட்டம் சார்ந்தது. வெளிநாட்டுத் தளங்கள் சர்ச்சைக்குரிய எல்லையைத் தங்கள் வழக்கப்படி காட்டுகின்றன. சில தளங்கள் பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துக் கோட்டையே மாற்றுகின்றன. நாம் அச்சடித்துக் கொடுக்கும், சுவரில் ஒட்டும் இந்திய வரைபடம் 1767 முதல் இயங்கும் சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தோடு ஒத்திருக்க வேண்டும். மாறாக வெளியிடுவது தண்டனைக்குரியது. அவர்கள் தளத்திலேயே வரைபடங்களை இலவசமாக இறக்கலாம். எட்டாம் வகுப்புக்கு மேல், ஒரே எல்லையை இரண்டு நாடுகள் இரண்டு விதமாக வரைகின்றன என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. போனில் அவர்களே பார்த்துவிடுகிறார்கள்.

சரித்திரத்துக்கு இதெல்லாம் எப்படி? ராஜா பேரும் வருசமும்தானே பாடம்?

நம் ஊரின் எல்லைக்கோடு நகர்ந்த கதையை எடுங்கள். சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்துப் பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரில், சென்னை மாகாணத்தில். 1949 ஜூலை 1இல் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. 1956 நவம்பர் 1இல் கேரளம் பிறந்தது. அதே நாளில் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1957 ஜனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் உருவானபோது சித்தூர் திருச்சூரிலிருந்து இங்கே வந்தது. 1940இல் இங்கே பிறந்த ஒரு பாட்டி, வீட்டைவிட்டு நகராமலே மூன்று அரசாங்கத்தைப் பார்த்திருப்பார்.

கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் ஒவ்வொரு காலத்து எல்லையையும் ஓர் அடுக்காக வரைந்து, அணைத்தும் போட்டும் காட்டலாம். அது கைவராவிட்டால் டிரேசிங் பேப்பர் மூன்று போதும். வரைந்தபின் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரே கேள்வி கேட்டு வரட்டும்: “நீங்க படிக்கிறப்போ எந்த ராஜ்யம், எந்த மொழியில பாடம்?” போனில் பதிவு செய்து, வரைபடத்தில் அந்த ஊர்ப் புள்ளியோடு கோத்துவிடலாம்.

தண்ணி விளையாட்டுன்னு சொன்னீங்களே, அதை முழுசாச் சொல்லுங்க.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம், அதாவது மலை ஆறுகளின் தண்ணீரை இரண்டு மாநிலமும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29இல் ஒப்பந்தம் போட்டன. அது 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று வைத்தார்கள். அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு, அதாவது சித்தூர்ப் புழைப் பாசனத்துக்கு, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, சுமார் 2.83 கோடி கன மீட்டர். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு.

வகுப்பு மூன்று குழு: மலை மேல் அணைகளைக் கையாள்பவர்கள், பொள்ளாச்சி–உடுமலை விவசாயிகள், சித்தூர் விவசாயிகள். ஆட்டம் ஜூனில் தொடங்கி 12 சுற்று, சுற்றுக்கு ஒரு மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு பகடை, அக்டோபர், நவம்பரில் ஒன்று, மற்ற மாதங்களில் பகடை கிடையாது. விழும் புள்ளிக்கு ஒரு டி.எம்.சி. நீர்வரத்து. அணைக்குக் கொள்ளளவு வரம்பு வையுங்கள், மீறினால் வழிந்து வீண். விவசாயிகள் ஆட்டத் தொடக்கத்திலேயே நெல், தென்னை, கடலை என்று பயிரை ரகசியமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மாதத் தேவை வேறு. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஓர் அட்டவணை போட்டால் இருப்பு, வெளியேற்றம், சித்தூருக்கு இதுவரை போன அளவு எல்லாம் தானாகக் கூட்டிக் காட்டும். பகடைக் கணக்கு நாம் கற்பனையாக வைத்தது, 7.25 மட்டும் நிஜம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நல்ல பகடை விழுந்த வருடம் யாரும் யாரோடும் சண்டை போட மாட்டார்கள், ஆட்டம் சப்பென்று இருக்கும். இரண்டு, மூன்று என்று விழுகிற வருடம்தான் பாடம். ஜனவரியில் இருப்பு கரையும், நெல் போட்டவர்கள் கத்துவார்கள், அணைக்குழு ஒப்பந்தத்தாளைத் தேடும். ‘வருடத்துக்கு 7.25’ என்று இருந்தாலும் எந்த மாதம் எவ்வளவு என்பதுதான் வயிற்றுப்பாடு என்று அப்போது தெரியும். மேல்வகுப்பு என்றால் இன்னொரு விதிச்சீட்டு சேருங்கள்: கேரளச் சோலையாறு அணை பிப்ரவரி 1, செப்டம்பர் 1 இரண்டு நாளும் நிறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஒரு முழு ஆட்டம் முடிந்ததும் குழுக்களை மாற்றிவிட்டு மறுபடி ஆடுங்கள். இரண்டு பீரியட் கட்டாயம் தேவை.

ஆடும்போது “அவங்கதான் நம்ம தண்ணியைத் திருடுறாங்க”ன்னு ஒரு பையன் கத்திட்டான். என்ன செய்யறதுன்னு தெரியல.

அவன் வீட்டில் கேட்டதைச் சொல்கிறான். அதட்டாதீர்கள். அட்டவணையைக் காட்டி, “எந்த மாதம், எத்தனை டி.எம்.சி.?” என்று கேளுங்கள். எண் இருந்தால் அது புகார், விசாரிக்கலாம். எண் இல்லாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அவனை எதிர்க்குழுவில் போடுங்கள். குழு மாற்றச் சொன்னது இதற்காகவும்தான்.

முல்லைப்பெரியாறு பற்றியும் கேட்பார்கள். 1886இன் 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் முடிந்த அணை, பென்னிகுயிக் என்று தெரிந்த செய்தியைச் சொல்லலாம். அணைக்குக் கீழே இருப்பவரின் பயத்தையும் மலைக்குக் கிழக்கே வயலுக்குத் தண்ணீர் கேட்பவரின் தேவையையும் ஒரே பலகையில் எழுதுங்கள். யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நம் வகுப்பில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் இருக்கிறது.

நிலச்சரிவு, பிரிவினை இதையும் கேமா ஆடலாமா?

சாவுக்குப் புள்ளி போடும் எதையும் நான் வகுப்பில் விடமாட்டேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் 70 பேர் போனார்கள். தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள். அவர்களின் உறவுப் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கக் கூடும். 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும்.

ஆடாமல் படிக்க வழி உண்டு. கணவாய்க்குப் போட்ட அதே உயரக் குறுக்குவெட்டை ஒரு மலைச்சரிவுக்குப் போட்டு, சாய்வு எங்கே கூடுகிறது, ஓடை எந்த வழியே இறங்கும், குடியிருப்பு எங்கே அமைந்தது என்று குறிக்கச் சொல்லலாம். முன்-பின் செயற்கைக்கோள் படம் காட்டுவதாக இருந்தால் முந்தின நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். வெளியே போக நினைக்கும் பிள்ளை போகட்டும். பிரிவினைக்கு ரயில் டிக்கெட் வாங்குவது போன்ற நாடகம் வேண்டாம். வரைபடமும் சாட்சியங்களும் போதும்.

பரீட்சைல மார்க் வருமா? அதைச் சொல்லுங்க முதல்ல.

இடம் குறிக்கும் கேள்விக்கு வரும், ஒரு நிபந்தனையோடு. திரையில் இழுத்துப் பொருத்தி ஆடிய பிள்ளை வெறும் தாளில் கோதாவரியைப் போடச் சொன்னால் திணறும், ஏனென்றால் திரை எப்போதும் பாதி விடையைக் காட்டிக்கொண்டே இருந்தது. அதனால் ஒவ்வொரு திரை ஆட்டத்துக்குப் பின்னும் வெற்று வரைபடத்தில் ஐந்து நிமிடம். இதைத் தவிர்க்கவே கூடாது.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. சமூக அறிவியலில் 80 எழுத்துத் தேர்வு, 20 தொடர் மதிப்பீடு. தண்ணீர் அட்டவணை, எல்லை அடுக்குகள், பாட்டி பதிவு எல்லாம் அந்த 20க்கு நேர்மையான ஆதாரம். ஆட்டத்தில் ஜெயித்ததற்கு மார்க் போடாதீர்கள். ஆட்டத்துக்குப் பின் எழுதிய ஒரு பக்கத்துக்குப் போடுங்கள்.

வீட்டுல ஏற்கெனவே ஃப்ரீ ஃபயர்ல கிடக்குறான். ஸ்கூலும் போனைக் கையில கொடுத்தா நாங்க என்ன பண்றது?

பெற்றோர் கேட்பது நியாயம். மேலே சொன்னவற்றில் எதற்கும் பிள்ளையிடம் தனிப் போன் தேவையில்லை; வீட்டில் போன் வேண்டியது பெரியவரின் குரலைப் பதிவு செய்ய மட்டும், அதையும் பெரியவர் போனிலேயே செய்யலாம். போனில் ஆடச் சொல்லி நான் வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை.

விவரங்களிலும் கவனம் வேண்டும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. வினாடி வினாத் தளங்களில் முழுப்பெயர் வேண்டாம், வரிசை எண்ணோ பறவைப் பெயரோ போதும். வரைபடத்தில் பிள்ளையின் வீட்டைக் குறிக்கச் சொல்லாதீர்கள். ஊர்க் கிணறு, கோவில், பஸ் ஸ்டாப் என்று பொது இடமாக இருக்கட்டும்.

எனக்கே கம்ப்யூட்டர் தெரியாதுங்க. ரிட்டயர் ஆக ரெண்டு வருசம்தான் இருக்கு.

கைட் நடத்தும் மாணவர் ஐ.டி. குழுவான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள் 2018 முதல் நம் உயர்நிலைப் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களில் இருவரை மௌஸில் உட்கார வையுங்கள். எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்பது உங்கள் 30 வருட அனுபவம். அது அவர்களிடம் இல்லை.

மேப்புல எங்க ஊர் பேரே தப்பா இருக்கு. தமிழ்ல வரவும் மாட்டேங்குது.

2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலகப்படம். ஓர் ஊருக்கு மலையாளப் பெயரும் தமிழ்ப் பெயரும் தனித்தனிக் கட்டத்தில் சேர்க்கலாம்; ஒன்றை அழித்து இன்னொன்றைப் போடக் கூடாது. நம் பக்கத்து ஏரி, குளம், வாய்க்கால் பல அதில் இல்லவே இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பருவத்துக்கு ஒரு வாய்க்கால் என்று கொடுத்தால் நடந்து பார்த்து வரைவார்கள். கூகுள் படத்தைப் பார்த்து அப்படியே நகலெடுக்கக் கூடாது, உரிமைச் சிக்கல் வரும்.

பொள்ளாச்சிப் பக்கத்து ஸ்கூலும் நாங்களும் சேர்ந்து ஏதாவது செய்யலாமா?

மழையை அளங்கள். வெட்டிய பாட்டிலும் ஸ்கேலும் கொண்டு இரண்டு பக்கமும் தினம் காலை 8.30க்கு அளந்து, ஒரே இணைய அட்டவணையில் பதிவது. இந்திய வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுதான். வால்பாறையில் ஒரு பள்ளி சேர்ந்தால் விஷயமே வேறு. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அங்கே பக்கம். மலை மேல் ஒன்று, கணவாயில் ஒன்று, அதன் கிழக்கு வாயில் ஒன்று என மூன்று பட்டை வரைபடம் வந்துவிட்டால் தண்ணீர் விளையாட்டின் கற்பனைப் பகடையைத் தூக்கிப் போட்டுவிட்டு அளந்த எண்களை வைத்தே ஆடலாம்.

சேர்ந்து ஆடும் நாளைத்தான் பார்த்து வைக்க வேண்டும். இங்கே ஓணப் பரீட்சை, அங்கே காலாண்டு. இங்கே கிறிஸ்துமஸ் பரீட்சை, அங்கே அரையாண்டு. ஜூலைக் கடைசியும் நவம்பர் நடுவும் இரண்டு பக்கத்துக்கும் தோதுப்படும். பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் கூட்டிப் போவதானால் இரண்டு பக்கத்துக் கல்வி அலுவலகங்களிலும் அனுமதி எழுதி வாங்க வேண்டியிருக்கும். ஒரு மாதம் முன்பே கொடுத்து வையுங்கள். வீடியோ அழைப்பில் ஆடினால் அந்தத் தொல்லை இல்லை, பகடையை மட்டும் கேமரா முன்னால் உருட்டச் சொல்லுங்கள்.